முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்

(மகளிர் தினத்தையொட்டி நடந்த பிராந்தியக் கூட்டத்தில், தோட்டப் பாடசாலை ஆசிரியையும் சங்கத்தின் அமைப்பாளருமான தோழி ஒருவர் ஆற்றிய உரை.)

அண்ணன்மார் முன்னுக்கு வந்து உட்காருங்கள். இன்றைக்குப் பேசப்போவது பெண்களுக்கு மட்டுமான விஷயமில்லை.

மகளிர் தினம் என்றால் கேக் வெட்டுவோம், கொழுந்தெடுப்பில் முதலாவதாக வந்த அக்காவுக்குப் பொன்னாடை போர்த்துவோம், கலைந்து போவோம். அது இருக்கட்டும். இன்றைக்கு எனக்குக் கிடைத்த நேரத்தில் பொலிஸ் நிலையத்தைப் பற்றிப் பேசுகிறேன். சம்பந்தப்பட்ட அக்காவிடம் அனுமதி கேட்டுத்தான் சொல்கிறேன். தோட்டத்தின் பெயரும் அந்தப் பொலிஸ் நிலையத்தின் பெயரும் வேண்டாம். விசாரணை இன்னும் முடியவில்லை.

அந்த அக்கா கொழுந்து மலையில் வேலை. புருஷன் குடித்துவிட்டு வந்து அடிப்பது லயம் முழுக்கத் தெரியும். பத்துக் காம்பிராவுக்கும் நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர், தெரியாமல் எப்படி இருக்கும்? அவர் மகள் என் வகுப்பில் படித்தாள். காலையில் மேசையில் தலைவைத்துத் தூங்குவாள். நான் தேர்ச்சி அறிக்கையில் என்ன எழுதினேன் தெரியுமா? “பாடத்தில் கவனம் போதாது.” பொலிஸைக் குறை சொல்வதற்கு முன்னால் என் கணக்கை வைத்துவிடுகிறேன்.

அந்த அக்கா மூன்று தடவை பொலிஸுக்குப் போனார். முதல் தடவை, தமிழ் தெரிந்தவர் லீவு, நாளைக்கு வா என்றார்கள். நாளைக்குப் போவதென்றால் இன்னொரு நாள் பேர் போகும். ஆட்டோவுக்குக் காசு வேண்டும். அவர் போகவில்லை. இரண்டாவது தடவை வாக்குமூலம் எழுதினார்கள். அவர் தமிழில் சொன்னார், அவர்கள் சிங்களத்தில் எழுதினார்கள், வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்கினார்கள். பிறகு நாங்கள் காசு கட்டிப் பிரதி எடுத்துப் பார்த்தோம். கணவனோடு சிறிய வாய்த்தகராறு, சமாதானமாகப் போக விருப்பம் என்று இருந்தது. அவர் காட்டிய கழுத்துக் காயத்தைப் பற்றி ஒரு வரி இல்லை.

மூன்றாவது தடவை புருஷனையும் கூப்பிட்டார்கள். சத்தம் போட்டார்கள், எச்சரித்தார்கள். பிறகு இரண்டு பேரையும் பார்த்து “கெதர யன்ன” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில், பக்கத்துப் பக்கத்து ஸீட்டில் தோட்டத்துக்குத் திரும்பினார்கள். அந்த பஸ் பயணத்தைப் பற்றித்தான் அக்கா அதிகம் பேசுகிறார். அடியைப் பற்றிக்கூட அவ்வளவு பேசுவதில்லை. அன்று இரவு அவருடைய வலது கை முறிந்தது. கொழுந்தெடுக்கிறவளுக்கு வலது கை என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது தடவை அவரோடு நம்முடைய தோட்டத் தலைவர் ஒருவரும் போயிருந்தார். “குடும்பப் பிரச்சினைதானே சேர், முடிச்சிடலாம்” என்று சொன்னவர் அவர்தான். அவர் இந்த மண்டபத்தில் இருக்கிறார். இதைச் சொல்லப் போகிறேன் என்று நேற்றே அவரிடம் சொன்னேன். “சொல்லு டீச்சர், மற்றவன் செய்யாமல் இருக்கட்டும்” என்றார். அதற்கு ஒரு மனசு வேண்டும். சம்பளப் பிரச்சினையில் துரையோடு பேசி முடிப்பது நமக்குப் பழக்கம். அந்தப் பழக்கத்தோடு பொலிஸுக்கும் போகிறோம். ஆனால் ஒரு பெண் அடி வாங்குவதில் பாதிக்குப் பாதி விட்டுக்கொடுக்க என்ன இருக்கிறது?

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். நான் சட்டத்தரணி இல்லை. சங்கத்துக்கு உதவுகிற சட்டத்தரணியிடம் கேட்டுக் கேட்டு எழுதிவைத்ததைச் சொல்கிறேன்.

குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம், 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கம். அதில் 109 ஆவது பிரிவு. நீங்கள் வாயால் சொல்லும் முறைப்பாட்டை நீங்கள் சொல்லும் மொழியில்தான் எழுத வேண்டும், எழுதியதை உங்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அந்த மொழியில் எழுத ஆள் இல்லையென்றால், உங்களையே உங்கள் மொழியில் எழுதித் தரச் சொல்ல வேண்டும். உங்களுக்கு எழுதத் தெரியாவிட்டால்தான் வேறு மொழியில் எழுதலாம். அப்போதும் காரணத்தைக் குறித்துவைத்து, எழுதியதை விளங்கப்படுத்த வேண்டும். ஆக, “தமிழ் தெரிந்தவர் லீவு” என்பது ஒருவரைத் திருப்பி அனுப்பக் காரணமே இல்லை. நம் பிள்ளைகள் எத்தனை பேர் உயர்தரம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறார்கள்? ஒரு பேனையும் இரண்டு தாளும் எடுத்துக்கொண்டு கூடப் போகட்டும்.

அடுத்தது வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம், 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கம். இது வந்து இருபது வருஷம் தாண்டிவிட்டது, நம் லயங்களில் இப்படி ஒன்று இருப்பது அநேகம் பேருக்குத் தெரியாது. அடிபட்டவர் நேரே நீதவான் நீதிமன்றத்துக்குப் போய்ப் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அவருக்காகப் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரும் விண்ணப்பிக்கலாம். அவசரமென்றால் இடைக்காலக் கட்டளை கிடைக்கும். முழுக் கட்டளை பன்னிரண்டு மாதம் வரைக்கும் இருக்கும். கட்டளையை மீறினால் ஒரு வருஷம் வரை சிறை வைக்கலாம். புருஷனை ஜெயிலில் போட்டால் சோறு யார் போடுவது என்று பயந்துதான் நம் அக்காமார் முறைப்பாட்டையே வாபஸ் வாங்குகிறார்கள். கட்டளை கேட்பது ஜெயிலில் போடச் சொல்வதில்லை. அடிக்காதே, கிட்ட வராதே என்று நீதவான் எழுதித் தருவது. இந்த வித்தியாசத்தைப் பொலிஸில் யாராவது அந்த அக்காவுக்கு மூன்று தடவையில் ஒரு தடவையாவது சொல்லியிருந்தால் கை முறிந்திருக்காது என்று நான் நினைக்கிறேன்.

சரி, பொலிஸ் தன் வேலையைச் செய்யவில்லை. யாரிடம் கேட்பது? பொறுப்பதிகாரிக்கு எழுத்தில் கொடுங்கள், அதற்கு மேல் உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், சிட்டையைக் கவனமாக வையுங்கள். பொலிஸ் உத்தியோகத்தருக்கு எதிரான பொதுமக்கள் முறைப்பாடுகளை விசாரிப்பது தேசிய பொலிஸ் ஆணைக்குழுவின் வேலை, அரசியலமைப்பிலேயே எழுதியிருக்கிறது. மனித உரிமைகள் ஆணைக்குழுவும் இருக்கிறது. அடித்தால்தான் உரிமை மீறல் என்று நினைக்காதீர்கள். பொலிஸ் நிலையத்துக்குள் ஒருவர் தாக்கப்படுவதைத் தடுக்காமல் நின்ற பொலிஸாரின் சும்மா இருத்தலும் மீறல்தான் என்று பாயிஸ் வழக்கில் உயர் நீதிமன்றம் எப்போதோ சொல்லிவிட்டது.

இங்கே நாங்கள் செய்த பிழையைச் சொல்ல வேண்டும். அடிப்படை உரிமை மனு போட ஒரு மாதம்தான் தவணை. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்து, அங்கே விசாரணை நடந்தால், நடக்கிற காலம் அந்தத் தவணையில் கணக்கெடுக்கப்படாது. இது எங்களுக்குத் தெரியாது. “அடுத்த கமிட்டியில் பார்ப்போம்” என்றோம். அந்தக் கமிட்டி மழையால் நடக்கவில்லை. அடுத்தது திருவிழாவால் நடக்கவில்லை. ஐந்து கிழமை போய்விட்டது. ஆணைக்குழு முறைப்பாட்டை ஏற்றுக்கொண்டது, பொலிஸிடம் அறிக்கை கேட்டது, அந்த ஒரு கடிதத்துக்குப் பிறகு அக்காவின் வாக்குமூலத்தைத் தமிழில் மறுபடியும் எடுத்தார்கள். ஆனால் உயர் நீதிமன்றக் கதவு எங்களுக்கு மூடிவிட்டது. அதைப் பூட்டியது பொலிஸ் இல்லை, நாங்கள்.

இது நம் மலையகத்துக்கு மட்டும் நடப்பதில்லை. 2015 மே மாதம் புங்குடுதீவில் பாடசாலைக்குப் போன மாணவி காணாமல் போனபோது, தேடி அலைந்த குடும்பத்துக்குப் பொலிஸில் கிடைத்த பதில், யாரோடாவது ஓடிப்போயிருப்பாள் என்பதுதான் என்று அப்போதே செய்திகளில் வந்தது. ஊர் எழுந்து நின்றது. கடைகள் மூடின, பாடசாலைப் பிள்ளைகள் வீதிக்கு வந்தார்கள். 2017 இல் ஏழு பேருக்கு மரண தண்டனை தீர்ப்பானது. முக்கிய சந்தேகநபர் தப்பிப்போக உதவியதாகச் சிரேஷ்ட பிரதிப் பொலிஸ் மா அதிபர் ஒருவரே அதே வருஷம் கைதானார். மரண தண்டனையைப் பற்றி எனக்கு வேறு கருத்து உண்டு, அது இன்றைக்கு வேண்டாம். அவ்வளவு உயரத்தில் இருந்த அதிகாரியும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டி வந்தது என்பதை மட்டும் கவனியுங்கள்.

2021 ஜூலையில் டயகமவிலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போன 16 வயதுப் பிள்ளை தீக்காயத்தோடு ஆஸ்பத்திரியில் இறந்தாள். நாமெல்லாம் பதாகை பிடித்தோம், நானும் பிடித்தேன். ஆனால் ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டு நின்றால் அது முதலில் தெரிவது எங்கள் இடாப்பில். பிறகு கிராம உத்தியோகத்தருக்குத் தெரிய வேண்டும், பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்குத் தெரிய வேண்டும். 16 வயது வரை கல்வி கட்டாயம் என்று சட்டம் இருக்கிறது. எந்தக் கதிரையில் இருந்தவர் என்ன செய்தார் என்று பெயர் பெயராகக் கேட்கும் பழக்கம் நமக்கு வரவில்லை. அவர்கள் நல்லவர்களாகவும் இருக்கலாம், ஒருவருக்கு இருபது தோட்டம் கொடுத்திருக்கலாம். அதையும் கேட்டால்தான் தெரியும்.

கேட்க ஒரு வழி இருக்கிறது. தகவலறியும் உரிமைச் சட்டம், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கம். தமிழில் எழுதலாம், ஏன் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்க முடியாது. 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். நம் பிராந்தியத்தில் உள்ள ஒவ்வொரு பொலிஸ் நிலையத்துக்கும் சங்கத்தின் பெயரில் ஒரே கடிதம் போகிறது. போன வருஷம் பெண்கள், சிறுவர் பிரிவுக்கு எத்தனை முறைப்பாடு வந்தது, எத்தனை நீதிமன்றம் போனது, எத்தனை “சமாதானம்” என்று மூடப்பட்டது, தமிழில் எழுதக்கூடிய உத்தியோகத்தர் எத்தனை பேர். கடிதம் தயார். இன்றைக்குக் கூட்டம் முடிவதற்குள் செயற்குழு கையெழுத்துப் போட வேண்டும், அடுத்த கமிட்டியில் இல்லை.

ஒவ்வொரு தோட்டத்திலும் இரண்டு பெண்களின் பெயர் எனக்கு வேண்டும். யாராவது பொலிஸுக்குப் போனால் கூடப் போகிறவர்கள். பேச வேண்டியதில்லை. பக்கத்தில் இருந்து, எழுதியதை வாசிக்கச் சொல்லி, முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் எழுதியவரின் பெயரையும் ஒரு கொப்பியில் குறித்துக்கொண்டு வந்தால் போதும். சிறுவர் விஷயமென்றால் 1929, பெண்கள் விஷயமென்றால் 1938, இரண்டையும் பிள்ளைக்காம்பரா கதவில் பெரிதாக எழுதிவையுங்கள். அன்றைக்குப் போகிறவர்களின் பேரைச் சங்கம் ஈடுசெய்ய வேண்டும் என்று நான் பிரேரணை கொண்டுவருகிறேன். தலைவர்மார் யாராவது வழிமொழியுங்கள்.

அந்த அக்காவுக்கு இடைக்காலக் கட்டளை கிடைத்துவிட்டது. கை இன்னும் முழுதாக மடங்கவில்லை, பணிய மலையில் புல்லு வெட்டுகிறார். முழுக் கட்டளைக்கான தவணை வருகிற வியாழக்கிழமை. ஆட்டோ காலை 7 மணிக்குக் கோயிலடியில் நிற்கும். தலைவர் வருகிறார், நான் லீவு போட்டிருக்கிறேன். இன்னும் ஒருவருக்கு இடம் இருக்கிறது.