காட்சியும் சாட்சியும்



மாலை வேளைகளில் உப்பளம் விளையாட்டரங்கின் பக்கம் நடந்து வருவது என் வழக்கம். அண்மையில் ஒருநாள், ஓடிக் களைத்த இளைஞர் நால்வர் அங்கே ஒரு கைப்பேசியைச் சூழ்ந்து குனிந்திருந்தனர். பந்தாட்டம் பார்க்கிறார்கள் போலும் என்றெண்ணி நானும் எட்டிப் பார்த்தேன். எங்கோ ஒரு நாட்டில், அரசியல் வெறி தலைக்கேறிய ஒருவன் மக்களைச் சுட்டு வீழ்த்தும் காட்சி அது. நடிப்பன்று; உண்மை. ஒருவன் கைப்பேசியை மறைத்தான். மற்றொருவன், "செய்திதானே, ஐயா! உலகில் நடப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டாமா?" என்று கேட்டான்.

நியாயமான கேள்வி. ஆயினும் அதற்கு உடனே விடையிறுக்க என் நா எழவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

1991ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் இரவு, ஸ்ரீபெரும்புதூர்த் தேர்தல் கூட்டத்தில் ராஜீவ் காந்தி குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். அவருடன் காவலர்களும் தொண்டர்களுமாகப் பலர் மாண்டனர். அப்போது நான் ஆசிரியப் பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அடுத்த வாரம் ஓர் இதழ், சிதைந்த உடல்களின் படங்களைப் பக்கம் பக்கமாக வெளியிட்டது. நானும் ஒன்று வாங்கினேன். ஒருமுறை பார்த்தது போதாதென்று மறுமுறையும் பார்த்தேன். விடுமுறை முடிந்து பள்ளி திறந்த பின், அதனை ஆசிரியர் அறைக்குக் கொண்டுபோய்ப் பிறருக்கும் காட்டினேன். கையொப்பம் வாங்க வந்த மாணவன் ஒருவன் மேசையருகே நின்று அந்தப் பக்கத்தையே வெறித்துப் பார்த்தான். அவனுடைய தாய்மாமன் அன்றிரவு அங்கே பாதுகாப்புப் பணியில் இருந்து உயிர் துறந்தவர் என்பது எனக்குப் பின்னரே தெரிந்தது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஆண்டிறுதிவரை என் முகத்தை நேரே பார்க்கவுமில்லை.

அதே படுகொலையில் மற்றொரு வகைப் படமும் உண்டு. கொலையாளிகள் ஹரிபாபு என்னும் இளம் புகைப்படக்காரரை உடன் அழைத்து வந்திருந்தனர். விடுதலைப் புலிகள் தங்கள் தாக்குதல்களைப் படம்பிடித்து வைக்கும் பழக்கமுடையவர்கள். ஹரிபாபுவும் வெடிப்பில் இறந்தார். அவருடைய கேமரா மட்டும் பழுதின்றிக் கிடைத்தது. அதிலிருந்த சுருளைக் கழுவியபோது, மாலையுடன் காத்து நிற்கும் தணு என்ற பெண்ணும், பத்திரிகையாளர் வேடத்தில் குறிப்பேட்டுடன் நின்ற சிவராசனும் வெளிப்பட்டனர். (செய்தியாளனின் வேடமே கொலைக்கு உதவியதை எண்ணிப் பாருங்கள்.) தேடப்படுவோரின் முகங்கள் நாளிதழ்களில் வந்தன, ஊரெங்கும் மக்கள் கண்விழித்தனர். அவ்வாண்டு ஆகஸ்டில், பெங்களூரை அடுத்த கோணனகுண்டேயில் காவலர் சூழ்ந்துகொண்டபோது சிவராசன் இறந்தான்.

முகங்களை அச்சிட்டதால் குற்றம் துலங்கிற்று. உடல்களை அச்சிட்டதால் இதழ் விற்றது. என் மாணவன் ஒருவன் புண்பட்டான். வேறென்ன விளைந்தது?

இன்று நிலைமை இன்னும் கொடிது. 2019 மார்ச் 15 அன்று, நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் நிறவெறியன் ஒருவன் இரண்டு பள்ளிவாசல்களில் தொழ வந்தோரைச் சுட்டான். மாண்டோர் 51 பேர். தன் தலைக்கவசத்திலேயே கேமராவைப் பொருத்தி, அதனை முகநூலில் நேரலையாக ஒளிபரப்பினான். நேரலையில் கண்டோர் 200 பேருக்கும் குறைவு. ஆனால் முதல் 24 மணி நேரத்துக்குள் முகநூல் நிறுவனம் நீக்கிய நகல்கள் 15 இலட்சம்! அவனுக்கு அரங்கு கட்டிக் கொடுத்தவர்கள் யார் என்பது இந்தக் கணக்கிலேயே விளங்கும். அந்நாட்டின் அந்நாளையப் பிரதமர் ஜசிந்தா ஆர்டெர்ன், அவன் பெயரைத் தாம் உச்சரிக்கப் போவதில்லை என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். மாண்டவர்களின் பெயர்களைச் சொல்லுங்கள் என்று மக்களை வேண்டினார்.

அப்படியானால் வன்முறையை மூடி மறைப்பதே வழி என்று நான் கூறுவதாகக் கொள்ள வேண்டா. 1936 ஜூலை 30 அன்று, நம் புதுவையில் பிரெஞ்சு ஆட்சியின் படையினர் ஆலைத் தொழிலாளர் 12 பேரைச் சுட்டுக் கொன்றனர். அதனை உலகம் அறியாதிருக்குமாயின் மகிழ்பவர்கள் ஆட்சியாளர்களே. ஆண்டுதோறும் அந்நாளில் தொழிலாளர் கூடி அந்தப் பன்னிருவரை நினைக்கின்றனர். கொன்றவன் தன் பெருமைக்காக எடுக்கும் படம் வேறு. கொல்லப்பட்டவர் பக்கம் நின்று ஒருவர் சொல்லும் சாட்சியம் வேறு. பார்ப்பதற்கு இரண்டிலும் குருதி ஒன்றாகவே தோன்றும். அதனால்தான் படம் கைக்கு வந்தவுடன், இதை எடுத்தவன் யார், யார் பார்க்க வேண்டுமென்று எடுத்தான் என்று கேட்கச் சொல்கிறேன்.

மறுநாள் அந்த இளைஞர்களிடம் இவற்றையெல்லாம் சொன்னேன். ஆசிரியர் அறையில் நடந்ததையும் ஒளிக்கவில்லை. கேள்வி கேட்டவன் நெடுநேரம் பேசாதிருந்தான். பிறகு, "ஐயா, நேற்றே மூன்று பேருக்கு அனுப்பிவிட்டேனே, இனி என்ன செய்வது?" என்றான். அரங்கின் படியிலேயே உட்கார்ந்தோம். அவன் ஒவ்வொருவரையும் அழைத்து, அழித்துவிடச் சொன்னான். இருவர் சரியென்றனர். மூன்றாமவன் தன் வகுப்பு முழுமைக்கும் அதை அனுப்பிவிட்டிருந்தான்.