அரவை மிஷின் எங்கே இருக்கிறது?



வறுத்து அரைத்துத் தருகிற கடையில் காபிப்பொடி வாங்கியிருக்கிறீர்களா? அந்தக் கடைக்கு வழி கேட்க வேண்டியதில்லை. தெருமுனை திரும்பினால் மூக்கே கூட்டிக்கொண்டு போய்விடும். கல்லாவில் இருப்பவர் கேட்பார்: "பீபெரியா, பிளாண்டேஷனா? சிக்கரி எவ்வளவு?" நாமும் காபித் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர் மாதிரி, "பாதிக்குப் பாதி போடுங்க, சிக்கரி 20" என்போம். கொட்டை தராசில் விழும், அப்புறம் மிஷினில் விழும். அரைத்த பொடியைப் பையில் கட்டித் தரும்போது பை வெதுவெதுவென்று இருக்கும். அதோடு பஸ் ஏறினால் பக்கத்து சீட்டுக்காரர், "எந்தக் கடையில வாங்கினீங்க?" என்று கேட்பார். கடைக்காரருக்கு ஒரு பைசா செலவில்லாத விளம்பரம் அது.

இந்த வித்தைக்கு நிர்வாகப் படிப்பில் இப்போது அனுபவச் சந்தைப்படுத்தல் என்று பெயர். பொருளின் பெருமையை நாம் சொல்லாமல், வாங்க வருபவரே பார்த்து, தொட்டு, முகர்ந்து தெரிந்துகொள்ளும்படி விடுவது. ஜோசப் பைன், ஜேம்ஸ் கில்மோர் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1999-இல் 'தி எக்ஸ்பீரியன்ஸ் எகானமி' என்று ஒரு புத்தகமே எழுதினார்கள். அவர்கள் போட்டுக் காட்டிய கணக்கும் காபிக் கணக்குதான். தோட்டத்துக் கொட்டைக்கு ஒரு கோப்பைக்கு ஒன்றிரண்டு சென்ட். அரைத்து பாக்கெட் போட்டால் 5 முதல் 25 சென்ட். சாதாரண ஓட்டலில் போட்டுக் கொடுத்தால் அரை டாலர், ஒரு டாலர். உட்கார்ந்து ரசிக்கிற மாதிரி ஓர் இடத்தில் கொடுத்தால் 2 முதல் 5 டாலர். கொட்டை என்னவோ அதே கொட்டைதான்.

இந்தக் கணக்கை வைத்தே உலகம் பூராவும் பரவிய கம்பெனி ஸ்டார்பக்ஸ். 1971-இல் சியாட்டில் நகரத்தில் ஆரம்பித்தபோது அது காபி போட்டுக் கொடுக்கிற கடையே இல்லை, வறுத்த கொட்டை விற்கிற கடை. அங்கே 1982-இல் வேலைக்குச் சேர்ந்த ஹோவர்ட் ஷுல்ட்ஸ், அடுத்த வருஷம் இத்தாலியின் மிலான் நகரத்துக்குப் போனார். தெருவுக்குத் தெரு காபிக் கடை. காபி போடுகிறவர் வருகிறவர்களோடு பேசிக்கொண்டே, அவர்கள் கண்ணெதிரே போட்டுக் கொடுக்கிறார். நம்மூர் டீக்கடையில் மாஸ்டர் ஆற்றுகிற அழகைப் பார்த்தவர்களுக்கு இதில் பெரிய அதிசயம் ஒன்றும் இருக்காது. ஷுல்ட்ஸுக்கு அதிசயமாக இருந்தது. ஸ்டார்பக்ஸிலும் அப்படிச் செய்யலாம் என்றார். முதலாளிகள் அந்த வழிக்கு வரவில்லை. அவர் வெளியேறித் தனிக்கடை போட்டார். 1987-இல் ஸ்டார்பக்ஸையே வாங்கிவிட்டார்.

இதுவரை பலருக்கும் தெரிந்த கதை. எனக்குப் பிடித்தது இதற்கு இருபது வருஷம் பிந்தையது. 2007 பிப்ரவரியில் ஷுல்ட்ஸ் தன் கம்பெனியின் மேலதிகாரிகளுக்கு ஒரு குறிப்பு எழுதினார். அது எப்படியோ வெளியே கசிந்துவிட்டது. அதில் லாப நஷ்டத்தைவிட மூக்கைப் பற்றியும் கண்ணைப் பற்றியும்தான் அதிகம் வருத்தப்பட்டிருந்தார். வேகத்துக்காகத் தானியங்கி மிஷின் வாங்கினோம். அது உயரமாக இருப்பதால் காபி போடுவதை வாடிக்கையாளரால் பார்க்க முடியவில்லை. கொட்டை கெடாமல் இருக்கக் காற்றுப் புகாத பையில் அடைத்தோம். கடையில் இருந்த வாசனையே போய்விட்டது. டப்பாவிலிருந்து கொட்டையை அள்ளி எதிரிலேயே அரைத்துக் கொடுத்த பழக்கமும் அதோடு போயிற்று. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சரியான முடிவுதான். எல்லாம் சேர்ந்தபோது அது வேறு கடையாகிவிட்டது.

இதை நான் நம்பச் சிரமப்படவில்லை. பல வருஷமாக நான் பொடி வாங்கிய கடை ஒன்று இருந்தது, பெயர் வேண்டாம். ஒரு நாள் போனால் புதுக் கண்ணாடிக் கதவு, ஏசி, பளபளவென்று ஷெல்ஃப். மிஷினைக் காணோம். "பின்னாடி கொண்டுபோயிட்டோம் சார், சத்தம் கேக்குதில்ல" என்றார்கள். முத்திரை போட்ட பாக்கெட் கையில் கொடுத்தார்கள். பொடியில் குறை சொல்ல முடியாது. ஆனால் "சிக்கரி எவ்வளவு?" என்று என்னைக் கேட்க அங்கே யாரும் இல்லை. இரண்டு மாதத்தில் நான் வேறு கடைக்கு மாறிவிட்டேன்.

ஷுல்ட்ஸ், இடையில் விட்டிருந்த தலைமை நிர்வாகி பொறுப்புக்கு 2008 ஜனவரியில் மறுபடி வந்தார். பிப்ரவரி 26-ஆம் தேதி மாலை அமெரிக்காவில் ஏறத்தாழ 7,100 கடைகளை ஒரே நேரத்தில் மூடி, ஊழியர்களுக்குக் காபி போடவே திரும்பச் சொல்லிக்கொடுத்தார்கள். மூடிய நேரத்து வியாபாரம் நஷ்டம்தான். உயரம் குறைந்த மிஷின் வந்தது. கடையிலேயே கொட்டை அரைப்பதும் திரும்பி வந்தது. இதில் ஒரு வேடிக்கை: காலை நேரத்தில் அங்கே விற்ற சூடான சாண்ட்விச்சில் சீஸ் உருகிக் கருகும் வாடை, காபி வாசனையை அமுக்கியது. நன்றாக விற்ற பண்டம் அது. ஆனாலும் நிறுத்தச் சொன்னார். வாடை எழாதபடி குறைந்த சூட்டில் சுடும் வழி கண்டுபிடித்த பிறகே திரும்ப விட்டார்கள்.

நம் ஊரில் அனுபவம் என்றால் வேறு ஏதோ புரிந்துகொள்கிறார்கள். கடை திறப்பு விழாவுக்குச் செண்டை மேளம், வாசலில் பொம்மை வேஷம் போட்டவர், செல்ஃபி எடுக்க ஒரு பூச்சுவர். மேளம் நினைவிருக்கும். கடையில் என்ன விற்றார்கள் என்று கேட்டால் யோசிக்க வேண்டியிருக்கும். இதற்கு மாறாக, 2013-இல் அலகாபாத் கும்பமேளாவில் லைஃப்பாய் சோப்புக்காரர்கள் செய்ததைப் பாருங்கள். சாப்பாட்டுக் கூடங்களில் சுடுகிற ரொட்டியில், கை கழுவினீர்களா என்று கேட்கும் வாசகத்தைச் சூட்டு முத்திரையாகப் பதித்தார்கள். சுமார் 25 லட்சம் ரொட்டி. சாப்பிடக் கை நீட்டுகிற அந்த வினாடியில், அந்தக் கையைப் பற்றியே கேள்வி. மைதானம் நிறைய பேனர் கட்டியிருந்தாலும் இந்தப் பலன் வந்திருக்காது. விளம்பரமும் விற்கிற பொருளும் ஒரே இடத்தில் சந்தித்தன, அவ்வளவுதான்.

இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் கடை வைத்திருப்பவர்களும் இருப்பீர்கள். செக்கில் எண்ணெய் ஆட்டுபவர், தையல்காரர், பலகாரம் போடுபவர், மாவு மில் வைத்திருப்பவர். நாளைக் காலை கடை திறந்ததும் கல்லாவை விட்டு இறங்கி, வாடிக்கையாளர் நிற்கிற பக்கம் போய் இரண்டு நிமிஷம் நின்று பாருங்கள். உங்கள் கைவேலை அங்கிருந்து கண்ணுக்குத் தெரிகிறதா? அட்டைப்பெட்டி அடுக்கி மறைத்திருந்தால், முதலில் அந்தப் பெட்டிகளை நகர்த்துங்கள்.