பழைய லாரியின் குணம்

(ஆதரவாளர் கூடுகையில் ஆற்றிய உரை)



"அந்தப் பழைய டீசல் லாரியை இன்னும் ஏன் வைத்திருக்கிறீர்கள்?" என்று உங்களில் பலர் கேட்கிறீர்கள். காணிக்கை கொடுக்கிறவர்களுக்கு அப்படிக் கேட்க உரிமை உண்டு. ஆகவே இன்று அந்த லாரியைப் பற்றியே சொல்ல விரும்புகிறோம்.

டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே நெய்யூரில் மருத்துவ ஊழியத்தைத் தொடங்கியது 1838-இல். அன்று முதல் இம்மாவட்டத்தில் ஒரு தேவை மாறவில்லை. நோயாளி இருக்கும் இடத்துக்கு மருந்து போய்ச் சேர வேண்டும். மருந்துப் பெட்டி, கட்டில், கூடாரத் துணி, ஜெனரேட்டர் எல்லாம் நம் லாரியில்தான் முகாமுக்குப் போகின்றன. ஒரு நாள் பேச்சிப்பாறைக்கு மேலே மலைக் குடியிருப்புகள், மறுநாள் குளச்சல், முட்டம் கடற்கரை. லாரி வழியில் நின்றுவிட்டால், விடியற்காலையிலேயே வந்து காத்திருக்கும் முதியவர்கள் மருந்தில்லாமல் வீடு திரும்புவார்கள். எனவே அதன் குணத்தைப் படிப்பது எங்கள் வேலையில் ஒரு பகுதி ஆயிற்று.

ருடால்ஃப் டீசல் 1897-இல் ஓட்டிக் காட்டிய எந்திரத்தில் தீப்பொறி போடும் பிளக் கிடையாது. காற்றை இறுக அழுத்தும்போது உண்டாகும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. அதனால் பேட்டரி தளர்ந்து எந்திரம் மெதுவாகச் சுற்றினால், அழுத்தமும் சூடும் போதாமல் வண்டி கிளம்பாது. கிளம்பிய பிறகோ, நம்முடையது போன்ற பழைய எந்திரம் ஓடுவதற்கு மின்சாரம் தேவையில்லை. சாவியைத் திருப்பினாலும் நிற்காது. கம்பியை இழுத்து டீசலை அடைத்தால்தான் நிற்கும்.

இந்த லாரி மூன்று பழக்கங்களை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது.

முதலாவது, டாங்கியைக் காலியாக விடக்கூடாது. டீசல் தீர்ந்தால் குழாயில் காற்று புகுந்துவிடும். பிறகு டீசல் ஊற்றினாலும் வண்டி கிளம்பாது. பில்டரின் திருகைத் தளர்த்தி, கை பம்பை அடித்து, குமிழி நிற்கும்வரை ஏர் எடுக்க வேண்டும். ஆகையால் கால் டாங்கிக்குக் கீழே போக விடுவதில்லை.

இரண்டாவது, தண்ணீர். நமக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு மழைக்காலம். அரைகுறையாக இருக்கும் டாங்கியில் இரவு ஈரம் படிந்து நீராகும். அது பம்பையும் நாசிலையும் அரித்துவிடும். அதனால் மாலையிலேயே டாங்கியை நிரப்பிவிடுகிறோம். பில்டரின் அடியில் தேங்கும் நீரையும் வடித்துவிடுகிறோம். கடற்கரைக்குப் போய் வந்த அன்றே அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுகிறோம். உப்புக்காற்றுக்கு இரும்பு தப்பாது.

மூன்றாவது, புகையைப் பார்ப்பது. கரும்புகை என்றால் காற்று போதவில்லை, அல்லது டீசல் அதிகம். நீலப்புகை என்றால் எந்திர ஆயில் எரிகிறது. சூடேறிய பிறகும் வெண்புகை வந்தால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது ரேடியேட்டர் நீர் உள்ளே கசிகிறது. நாக்கின் நிறத்தை மருத்துவர் பார்ப்பதுபோல, எங்கள் ஓட்டுநர் காலைதோறும் புகையைப் பார்க்கிறார்.

பாதைக்கும் ஒரு பாடம் உண்டு. மலைச்சாலையில் ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். ஆனி, ஆடியில் திருநெல்வேலியிலிருந்து திரும்பும்போது ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று முகத்தில் அறையும். அங்கே வேகத்தை நாடாமல், எந்திரத்தின் சூட்டைக் கவனித்தே வருகிறோம்.

இவ்வளவு சொன்ன நாங்கள் மறுபக்கத்தையும் மறைக்கக்கூடாது. டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இல் வகைப்படுத்தியது. 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் விற்கப்படும் டீசலில் கந்தகம் 10 பி.பி.எம். அளவுக்குக் குறைந்திருக்கிறது, அது நல்லதே. ஆனால் புதிய வண்டிகளில் உள்ள புகை வடிகட்டி நம் லாரியில் இல்லை. ஆஸ்துமாக்காரருக்கு மருந்து கொண்டுபோகும் வண்டியே அவர் மூச்சைக் கெடுக்கலாமா? ஆகவே வெளிநோயாளர் வாசலில் எந்திரத்தை ஓட விடுவதில்லை. முகாம் இடத்திலும் வண்டியைத் தள்ளி, காற்று ஆட்களுக்கு எதிர்ப்பக்கம் வீசும்படி நிறுத்துகிறோம். நோயாளிகளை இந்த லாரியில் ஏற்றுவதே இல்லை.

எவ்வளவு காலம் வைத்திருப்போம்? பிரேக்கோ அடிச்சட்டமோ நம்பிக்கை தராத நாளில், அல்லது தகுதிச் சான்று கிடைக்காத ஆண்டில் விடைகொடுத்துவிடுவோம். பழுதுச் செலவு புது வண்டியின் மாதத் தவணையை எட்டினாலும் அப்படியே. அதற்காகவே ஒவ்வொரு லிட்டர் ஆயிலையும் ஒவ்வொரு பழுதையும் குறிப்பேட்டில் எழுதி வருகிறோம். அது அலுவலகத்தில் இருக்கிறது. நீங்கள் எவரும் புரட்டிப் பார்க்கலாம்.

இன்று நாங்கள் கேட்பது புது லாரி அல்ல. பின்சக்கரங்களுக்கு நான்கு டயர்கள், ஒரு நல்ல பேட்டரி, அவ்வளவே. மழைக்கு முன் அவை கிடைத்தால் மலை முகாம்கள் ஒன்றும் தடைப்படாது. உங்கள் கைகளால் இதுவரை ஓடிய வண்டி இது.