பாறைக்குள் தெரிந்த ரதம்

பொறியியல் முதலாண்டு மாணவர்களில் பலர் கணக்குத் தாளைவிட அதிகம் அஞ்சுவது வரைபடத் தாளுக்குத்தான். ஒரு பொருளை முன்னாலிருந்தும் மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்த்தால் எப்படித் தெரியும் என்று வரையச் சொல்வோம். மறைந்திருக்கும் விளிம்பை விட்டுவிட்டு வரும் கோடாகப் போட வேண்டும். அந்த இடத்தில் நல்ல மதிப்பெண் எடுத்து வந்த பிள்ளைகூடத் திணறுவதைப் பார்த்திருக்கிறேன்.

செங்கல்பட்டுப் பக்கத்தில் இந்தப் பாடம் நடத்துகிறவன் நான். என் மாணவர்களை மாமல்லபுரம் ஐந்து ரதங்களுக்கு அழைத்துப் போவதுண்டு. நகுல சகதேவ ரதத்தின் முகப்பில் நிறுத்தி, "மேலிருந்து பார்த்தால் இது எப்படி இருக்கும்? வரைங்க" என்பேன். பெரும்பாலும் செவ்வகம்தான் வரும். பிறகு சுற்றி வரச் சொல்வேன். பின்புறம் அரைவட்டமாக வளைந்திருப்பதைக் கண்டதும் ஆளாளுக்கு ரப்பரைத் தேடுவார்கள்! தூங்கும் யானையின் முதுகு போல வளையும் தூங்கானை மாடம் என்னும் அமைப்பு அது. பக்கத்திலேயே ஒரே கல்லில் யானையும் நிற்கிறது, பார்த்திருப்பீர்கள்.

கொஞ்சம் யோசியுங்கள், நேயர்களே. ஏழாம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பிகள் இந்த ரதங்களைக் கல் அடுக்கிக் கட்டவில்லை. முழுப் பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்தார்கள். தர்மராஜ ரதத்தின் கீழ்ப்பகுதி முற்றுப்பெறாமல் நிற்பதைப் பார்த்தாலே இது விளங்கும். உச்சியில் உளி வைக்கும்போதே அடித்தளம் மனத்தில் முழுசாக இருந்தாக வேண்டும். வெட்டிய கல்லைத் திரும்ப ஒட்ட முடியுமா?

இப்படி வடிவத்தை மனத்தில் காணும் திறன் பிறவி வரம் என்று நினைத்துவிடாதீர்கள். மாமல்லபுரத்தில் 1957-இல் தொடங்கிய அரசுக் கல்லூரியில் இன்றும் சிற்பமும் கட்டடக்கலையும் பாடமாகவே கற்பிக்கிறார்கள். அமெரிக்காவில் மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஷெரில் சோர்பி, 1990-களில் இந்தத் திறன் குறைந்த மாணவர்களுக்குத் தனிப் பயிற்சி தந்தார். அவர்களின் மதிப்பெண் உயர்ந்தது. பொறியியலை விட்டு விலகும் பெண்களும் குறைந்தார்கள்.

இப்போது மெய்நிகர் ஆய்வகங்கள், அதாவது திரையிலேயே சோதனை செய்து பார்க்கும் வசதிகள், வந்துவிட்டன. இந்தத் திறனை வளர்க்க அவை உதவுமா? டெல்லி ஐஐடி ஒருங்கிணைக்கும் 'வர்ச்சுவல் லேப்ஸ்' திட்டத்தில் நூற்றுக்கணக்கான சோதனைகளை இணையத்தில் இலவசமாகச் செய்து பார்க்கலாம். நம் கல்பாக்கத்திலேயே, ஈனுலை என்னும் அணு உலையை இயக்கப் போகிறவர்கள் முதலில் பழகுவது கணினியில் இயங்கும் மாதிரிக் கட்டுப்பாட்டு அறையில்தான். வசதி குறைந்த கல்லூரிகளுக்கு இவை பெரிய துணை. ஆனால் திரையே பொருளைத் திருப்பிக் காட்டிவிட்டால் மாணவனின் மனம் அதைத் திருப்பிப் பார்ப்பதில்லை. முதலில் பென்சிலால் ஊகித்து வரையட்டும். அப்புறம் திரையில் சரிபார்க்கட்டும். இந்த வரிசை மாறக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

நிறைவாக, பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். இன்று முள்ளங்கியைச் சாய்வாக நறுக்கும் முன், வெட்டிய முகம் எந்த வடிவத்தில் இருக்கும் என்று வீட்டுப் பிள்ளையிடம் கேளுங்கள். விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். அவர்களே வரைந்து, வெட்டிப் பார்க்கட்டும்.