வயிற்றின் குற்றமா?



பிறந்து பத்து நாள் நன்றாயிருந்த குழந்தை திடீரென்று வாந்தியெடுத்து, பால் குடியாமல், வற்றிச் சாகின்றது. அதே தாய்க்கு மறுபடியும் அப்படியே ஒன்று. அல்லது பிறந்தது ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாமலிருக்கின்றது. உடனே ஜோசியன் தோஷம் என்கிறான். மாமியார், வந்தவள் வயிறு சரியில்லை என்கிறாள். மகனுக்கு வேறு பெண்ணும் பார்க்கத் தொடங்கி விடுகிறார்கள். அந்த வயிறு செய்த குற்றம் என்னவென்று ஒருவராவது விசாரித்ததுண்டா?

சிறுநீரகங்களின் தலைமேல் அட்ரினல் என்று இரண்டு சிறு சுரப்பிகள் இருக்கின்றன. கொலஸ்டிரால் என்னும் கொழுப்பிலிருந்து அவை படிப்படியாக ஹார்மோன்களைச் செய்கின்றன. உடம்பில் உப்பை நிறுத்துவது ஆல்டோஸ்டிரோன். நோயைத் தாங்கும் வலுவைத் தருவது கார்ட்டிஸால். ஆண் தன்மைக்குரியவை வேறு. ஒவ்வொரு படிக்கும் ஒரு என்ஸைம் வேலையாள். 21-ஹைட்ராக்ஸிலேஸ் என்னும் வேலையாள் இல்லாவிட்டால் முதலிரண்டும் நடவா. பிட்யூட்டரியோ மேலும் செய், மேலும் செய் என்று விரட்டுகின்றது. மடை அடைத்த வாய்க்கால் பக்கத்து வயலில் பாய்வதுபோல் சரக்கெல்லாம் ஆண் ஹார்மோனாகின்றது. கருவிலிருப்பது பெண்ணானால் வெளியுறுப்பு மாறித் தோன்றும். உள்ளே கருப்பை ஒழுங்காகவே இருக்கும். ஆண் பிள்ளைக்கு வெளியடையாளம் தெரியாததால், உப்பு வற்றிச் சாகும்வரை வீட்டார் அறிய மாட்டார்கள்.

அந்த வேலையாளை உண்டாக்கும் ஜீன் 6-வது குரோமோசோமில் இருக்கின்றது. பக்கத்திலேயே நூற்றுக்கு 98 பங்கு அதை ஒத்த, ஆனால் பழுதாகிப் போன மற்றொரு ஜீன். விந்தும் முட்டையும் உண்டாகும்போது சில சமயம் இரண்டும் தவறிப் பிணைந்து, பழுது நல்லதில் ஏறிவிடுகின்றது. பத்திரம் நகலெடுப்பவன் பக்கத்திலிருந்த ரத்தான பத்திரத்தின் வரியை எழுதிவிட்டால் எப்படியோ அப்படி. இதில் சனியனுக்கு என்ன வேலை?

நல்லது ஒன்றிருந்தால் நோயில்லை. தகப்பன் கொடுத்ததும் தாய் கொடுத்ததும் இரண்டுமே பழுதானால்தான் நோய். இருவரும் பழுதைச் சுமப்பவர்களானால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. ஆகவே பாதி மாப்பிள்ளையுடையது! அக்காள் மகளைக் கட்டுவதில் ஒரே பாட்டன் பழுது இரு பக்கமும் வந்து சேர இடம் அதிகம் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

1950-ல் அமெரிக்காவில் பால்டிமோர் டாக்டர் லாஸன் வில்கின்ஸ் கார்ட்டிஸோன் கொடுத்து இந்நோயை அடக்கிக் காட்டினார். இன்று பல தேசங்களில் குழந்தையின் குதிகாலில் ஒரு துளி இரத்தம் எடுத்து இதைக் கண்டுபிடிக்கிறார்கள். மாத்திரையும், சிசுவானால் சிறிது உப்பும் கொடுத்தால் பிழைத்து வளரும். மாத்திரை ஆயுள் முழுவதும் வேண்டும். காய்ச்சல் வந்தால் வைத்தியர் சொன்னபடி அளவைக் கூட்டவேண்டும். வாந்தியில் மாத்திரை தங்காவிட்டால் ஊசி போடவேண்டும். அன்றைக்குப் பார்த்துப் பூசாரியிடம் தூக்கிக்கொண்டு போனீர்களானால் பிள்ளை தங்காது.