பாட்டிலின் பின்பக்கம்
(சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)

நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் 34 வருடம் லெட்ஜர் பார்த்தவன். ஃபேஸ் வாஷ் பாட்டிலின் பின்பக்கமும் ஒரு லெட்ஜர்தான் என்பதால் பேச வந்திருக்கிறேன். முன்பக்கம் விளம்பரம், அதை விட்டுவிடுங்கள்.

பின்பக்கப் பட்டியலுக்கு ஒரு விதி உண்டு. எது அதிகமோ அது முதலில் வரவேண்டும். 1 சதவிகிதமோ அதற்குக் குறைவாகவோ இருப்பவற்றை மட்டும் கடைசியில் எந்த வரிசையிலும் எழுதலாம். முதலில் 'அக்வா' என்று இருக்கும். பயப்படாதீர்கள், தண்ணீர்தான். அடுத்து 'ஃபினாக்ஸி எத்தனால்' என்ற பெயரைத் தேடுங்கள். கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்ப்பது அது. 1 சதவிகிதத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது. ஆகவே அதற்குப் பின்னால் எழுதியிருக்கும் எதுவும் 1 சதவிகிதத்தைத் தாண்டாது. முன்பக்கம் இவ்வளவு பெரிய குங்குமப்பூ படம் போட்டிருப்பார்கள். உள்ளே குங்குமப்பூ எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள், சிரிப்பு வரும்.

அழுக்கை எடுப்பது தண்ணீருக்கு அடுத்த இரண்டு மூன்று பெயர்கள். 'சோடியம் லாரில் சல்பேட்' நன்றாக நுரைக்கும், தோலை வறட்டும். 'லாரெத்' என்றிருந்தால் கொஞ்சம் சாது. 'கோகமிடோப்ரோபில் பீட்டெய்ன்', 'சோடியம் கோகாயில் ஐசதயனேட்' இரண்டும் தேங்காய் எண்ணெய் வழியாக வருபவை, இன்னும் சாது. சல்பேட்டால் புற்றுநோய் வரும் என்று நம் வாட்ஸ்அப் குழுவில் மாதம் ஒருமுறை சுற்றுகிறதே, அதற்கு ஆதாரம் கிடையாது. வறட்சியும் எரிச்சலும்தான் அதன் குற்றம்.

ஆனால் 60 தாண்டிய நமக்கு அதுவே பெரிய குற்றம். வயதாக ஆகத் தோலில் எண்ணெய்ப் பசை குறைகிறது. போதாக்குறைக்கு நம் போர் தண்ணீர்! பக்கெட்டில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தக் கால்சியம் சாதாரண சோப்போடு சேர்ந்து பிசுக்காக மாறும். முகத்திலும் அது நிற்கும். சோப்பின் பிஹெச் 9, 10 என்று இருக்கும். தோலுக்கு உகந்தது 5 பக்கம். என் மனைவிக்கு இரண்டு மார்கழியாகக் கன்னத்தில் அரிப்பு. மூன்று க்ரீம் வாங்கினோம், குறையவில்லை. தோல் டாக்டர் க்ரீமை விட்டுவிட்டு சோப்பை மாற்றச் சொன்னார். பட்டியலில் 'சோடியம் பால்மேட்' முதலில் இருந்தால் அது சோப்பு. ஐசதயனேட் முதலில் இருந்தால் சோப்பு மாதிரி இருக்கும், ஆனால் சோப்பு இல்லை. அதில் இந்தப் பிசுக்கு வராது. மாற்றி ஒரு மாதத்தில் அரிப்பு அடங்கியது. கிளிசரின் பட்டியலில் மேலே இருந்தால் இன்னும் நல்லது. வாசனைக்காகப் போடும் 'பர்ஃபம்' இல்லாததாகக் கிடைத்தால் அதை எடுங்கள்.

பேரப்பிள்ளைகளுக்கு இது பொருந்தாது. எண்ணெய் வழிகிற, பரு வருகிற முகத்துக்கு சாலிசிலிக் ஆசிட் உள்ளது உதவும். அதையே நாம் போட்டுத் தேய்த்தால் எரியும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம் வீடுகளில் வேலை செய்யும் பெண்கள் சிலர் சம்பளத்தில் மிச்சம் பிடித்து 'சிவப்பழகு' ஃபேஸ் வாஷ் வாங்குகிறார்கள். அரை நிமிடத்தில் கழுவிவிடுகிற ஒன்று நிறத்தை மாற்றாது. அதுகூடப் பணத்தோடு போயிற்று. தயாரிப்பாளர் முகவரியும் லைசென்ஸ் எண்ணும் இல்லாமல் விற்கும் வெள்ளையாக்கும் க்ரீம்கள் வேறு விஷயம். அவற்றில் பாதரசம் இருந்தால் சிறுநீரகம் கெடும். அம்மாதிரி டப்பா யார் கையிலாவது கண்டால் தயவுசெய்து உட்கார வைத்து எடுத்துச் சொல்லுங்கள்.

விலைக்கு வருகிறேன். 50 மில்லி 149 ரூபாய், 150 மில்லி 299 ரூபாய் என்றால் எது மலிவு? 100 மில்லிக்கு முதலாவது 298, இரண்டாவது 199 சொச்சம். ஆனால் பெரியது வாங்கிப் பாதியில் பிடிக்காமல் போனால் கணக்கு தலைகீழ். முதலில் சின்னதையே வாங்குங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு அவரவர் பாட்டிலை எடுத்து வாருங்கள். எழுத்து பொடியாக இருக்கும், பூதக்கண்ணாடி நான் கொண்டு வருகிறேன்.