உப்பளத்துப் பையனும் ஓவிய வாத்தியாரும்

அவைத்தலைவர் அவர்களே, நூலக வார விழாவுக்குத் திரளாக வந்திருக்கும் தூத்துக்குடிப் பெருமக்களே, தாய்மார்களே!

பத்து நிமிஷத்தில் முடித்துவிட வேண்டும் என்று தலைவர் கண்ணாலேயே உத்தரவிட்டிருக்கிறார். எனக்கு முன் பேசிய நண்பர் அருளிய முக்கால் மணி நேரத்தில் என் பங்கும் கரைந்துபோயிற்று என்பதை அறிவேன். ஆகையால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

பங்குனி வெயில் ஏறி, பாத்திகளில் உப்பு இறங்கத் தொடங்கியவுடன், நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் ஒன்பதாம் வகுப்பின் பின்வரிசை காலியாகத் தொடங்குவதும், வருகைப் பதிவேட்டில் சிவப்பு மை ஏறுவதும், "இவன் தேறமாட்டான்" என்ற தீர்ப்பு விசாரணையின்றியே வழங்கப்படுவதும் இங்குள்ள ஆசிரியப் பெருமக்கள் அறியாத சங்கதிகள் அல்ல. அவ்வாறு தீர்ப்புப் பெற்ற ஒரு பையனைத் தேடிச் சைக்கிளை மிதித்துக்கொண்டு உப்பளத்துக்கே போனார் ஓர் ஓவிய ஆசிரியர். பெயர் சொல்லமாட்டேன், சொன்னால் அவருக்கு என்ன வரும் என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

அவர் உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. "உப்பு எப்படி விளைகிறது என்று மூன்று நிமிஷம் படம் எடுத்துக் காட்டு" என்று தம் கைப்பேசியைக் கொடுத்தார். பையன் வாய்க்காலை எடுத்தான், பாத்தியை எடுத்தான், தாயார் உப்பு வாரும்போது வெடித்துக் கிடக்கும் அவள் பாதத்தை மிக அருகே நின்று எடுத்தான். ஆனால் படத்துக்குக் குரல் வேண்டும். குரலுக்கு எழுத்து வேண்டும். எழுதுவதற்கு விஷயம் தெரிய வேண்டும். பாத்தி நீரின் அடர்த்தி 25 டிகிரி (போமே) ஏறினால் உப்பு இறங்கும் என்று சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவன், ஏன் இறங்குகிறது என்ற வினாவோடு விஞ்ஞான ஆசிரியரின் வாசலில் போய் நின்றான். முதலில் ஜிப்சம் படிவதும், பிறகு சோடியம் குளோரைடு இறங்குவதும், மக்னீசிய உப்புகள் கசப்பு நீராக எஞ்சுவதும், வகுப்பில் கொட்டாவி வரவழைத்த அதே ரசாயனப் பாடந்தான் ஐயா! வாக்கியம் நீண்டால் காட்சி முடிந்து குரல் மட்டும் தொங்கியது. ஆதலால், எவரும் சொல்லாமலே, அடித்து அடித்துச் சுருக்கி எழுதக் கற்றான். ராஜம் கிருஷ்ணன் அம்மையார் நம் உப்பளத்தைப் பற்றி எழுதிய 'கரிப்பு மணிகள்' நாவலை அவன் தேடி வந்ததும் இந்த நூலகத்துக்குத்தான்!

கைதட்டுகிறீர்கள், மகிழ்ச்சி. ஆனால் சென்ற வாரம் இன்னொரு மேடையில், கைப்பேசியைத் தொட்ட பிள்ளை உருப்படாது என்று பிரசங்கித்த ஒரு கல்விமானுக்கும் இப்படித்தான் கைதட்டினார்கள்! அந்தப் பிரசங்கத்தை நாலு மூலையில் நாலு கைப்பேசிகள் படம்பிடித்துக்கொண்டிருந்தன. முகத்தில் வெளிச்சம் சரியாக விழவில்லை என்று முதல் வாக்கியத்தை அவர் மறுபடியும் பேசினார். உபதேசம் ஊருக்கு, வெளிச்சம் தமக்கு! விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பது வேறு, ஒன்றை எடுப்பதற்காக உற்று நோக்குவது வேறு என்பதை அந்த மகானுக்கு யார் சொல்வது?

படமெடுத்துக் கற்பது நேற்றுப் புறப்பட்ட மோகமும் அல்ல. 1984-இல் நியூயார்க்கில் ஸ்டீவ் குட்மன் என்பவர் எஜுகேஷனல் வீடியோ சென்டரை நிறுவி, அரசுப் பள்ளி இளைஞர்களைத் தங்கள் தெருவையும் வீட்டையும் பற்றி ஆவணப்படம் எடுக்க வைத்தார். அதே 1984-இல் அகமதாபாத்தில், இளா பட் அம்மையாரின் 'சேவா' பெண் தொழிலாளர் சங்கத்தில், எழுத்தறியாத பெண்களும் வீடியோ எடுக்கப் பழகினார்கள். நம் அரசுப் பள்ளிகளிலும் 2022-இல் சிறார் திரைப்பட விழா வந்தது, வாழ்த்துகிறேன். பார்க்கக் கொடுத்த கை எடுக்கவும் கொடுக்கட்டும் என்று கேட்கிறேன்.

யார் கற்றுக்கொடுப்பார் என்கிறீர்களா? மீண்டும் என் ஓவிய வாத்தியாரிடந்தான் வரவேண்டும். 2012-இல் 16,000-க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள், வாரத்தில் மூன்று அரைநாள், மாதம் 5,000 ரூபாய் என்று நியமிக்கப்பட்டார்களே, அவர்களுள் ஒருவர் அவர். பிறகு ஊதியம் சிறிது சிறிதாக ஏறிற்று. ஆனால் மே மாதம் வந்தால் அதுவும் இல்லை என்பதுதான் வழக்கமாக இருந்தது. அந்தப் பையனும் அவரும் உட்கார்ந்து படத்தை வெட்டி ஒட்டிய மாதம் எது தெரியுமா? மே! ஆண்டு விழாவில் படம் ஓடியது; மாலை வேறொரு கழுத்தில் விழுந்தது.

பையன் இப்போது பத்தாம் வகுப்பில் இருக்கிறான். மதிப்பெண் மலையாகக் குவிந்துவிடவில்லை. பதிவேட்டில் சிவப்பு மை குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்காக ஒரு மனிதர் சம்பளமில்லாத மாதத்தில் உழைத்தார். பகுதிநேர ஆசிரியர்களைப் பணிநிரந்தரம் செய்யக் கோரும் மனு வாசலில் மேசைமேல் இருக்கிறது. இத்தனை நேரம் கைதட்டிய கைகள் அதில் கையெழுத்திட்ட பிறகே செருப்பைத் தேடட்டும். முக்கால் மணி நேரம் பேசிய நண்பருக்கு முதல் இடத்தை விட்டு வைத்திருக்கிறேன்.